ஈரத் தாள்

மூத்தவளும் இளையவளும் ஓரகத்திகள். வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பிய நாளிலிருந்து பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது. ஆனால் பதிவேட்டு அறையில் இருவருக்கும் மேசை ஒன்றுதான். அதற்கு நடுவில் சுவர் வைக்க யாராலும் முடியவில்லை. பழைய பிறப்புப் பதிவேடுகளைப் பிரித்து, கிழிந்த தாள்களை மாவுப் பசையால் ஒட்டுவது மூத்தவள் வேலை. காய்ந்ததை அடுக்கித் தைத்து, இரும்பு பிரஸ்ஸில் வைத்துத் திருகி அழுத்துவது இளையவள் வேலை. நடுவில் தூது போக அட்டெண்டர்.

"ஊசியை எடுத்தவங்க திருப்பி வைக்கணும்னு சொல்லு" என்பாள் மூத்தவள்.

"எடுக்காதவங்க எதைத் திருப்பி வைக்கிறதுன்னு கேளுங்க."

"நான் தபால் பெட்டியாம்மா? ஸ்டாம்பாவது ஒட்டிப் போடுங்க" என்பார் அட்டெண்டர்.

அன்று காலை கண்காணிப்பாளர் வந்து வாசலிலேயே நின்று சொன்னார். "அடுத்த மாசத்துலேருந்து இந்த ரூமுக்கு ஒரு ஆள்தான். மேலிடத்து உத்தரவு. இந்தப் பதிவேடு நாளைக்கு பிரஸ்ஸை விட்டு வரட்டும். யாரு இருக்கிறதுன்னு அப்போ சொல்றேன்."

மூத்தவள் பசைக் கிண்ணத்தை மூடிவிட்டு எழுந்தாள். வேலை போன புருஷன் வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். அடுப்பு எரிவதே இவள் கையால்தான்.

கை கழுவித் திரும்பியபோது, ஜன்னலோரம் காயப் போட்டிருந்த கடைசித் தாள்கட்டையும் இளையவள் எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அது அன்று காலைதான் ஒட்டியது. அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாது; தாளைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். இளையவள் வைத்துப் பார்க்கவில்லை. அப்படியே பிரஸ்ஸில் ஏற்றினால் பசை கசிந்து, விடிவதற்குள் தாளெல்லாம் செங்கல்லாகிவிடும்.

மூத்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாகச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது இளையவள் பிரஸ்ஸின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அரைச் சுற்று திருகுவாள், நிறுத்துவாள், மறுபடி அரைச் சுற்று. பார்க்கப் பார்க்க மூத்தவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் அட்டெண்டர், அவள் முகத்தைப் பார்த்து.

"ஒண்ணுமில்ல."

மறுநாள் கண்காணிப்பாளர் முன்னால் பிரஸ் திறந்தது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு மூத்தவள் தயாராக நின்றாள். பதிவேடு மலர்ந்து விரிந்தது. கடைசிக் கட்டில் தாளுக்குத் தாள் நடுவே மெழுகுத்தாள்.

"இது எதுக்கு?"

"அந்தக் கட்டு ஈரமா இருந்துச்சு சார். அக்கா சாப்பிடப் போனப்ப கன்னத்துல வெச்சுப் பார்த்தேன். இப்படி வெச்சு அழுத்தினா ஒட்டாது, சுருங்காது."

"ஒட்டினவங்க சொல்லலியா?"

"இதோ நிக்கிறாங்களே, கேளுங்க."

"நான் கவனிக்கல சார்" என்றாள் மூத்தவள்.

கண்காணிப்பாளர் அட்டெண்டரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "ஏதாவது சொல்லணுமான்னு கேட்டேன் சார். ஒண்ணுமில்லன்னாங்க."

"சரி" என்றார் கண்காணிப்பாளர். மூத்தவளிடம் திரும்பி, "மாசக் கடைசியில அலமாரிச் சாவியை இவங்ககிட்ட குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இளையவள் மெழுகுத்தாள்களை உருவி அடுக்கி மூத்தவள் முன்னால் வைத்தாள். சுவர் எழும்பிய பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினாள்.

"உங்க டிராயர்லேருந்து எடுத்தது. நேத்து அவ்வளவு மெதுவாத் திருகினேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? ஒரு வார்த்தை வருதான்னு பார்த்தேன்க்கா."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அதையும் அவளையே வெச்சுக்கச் சொல்லு" என்றாள் அட்டெண்டரிடம்.

அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டியவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.