முசாக்காவும் பதின்மூன்றாவது ஒயினும்

நாங்கள் செய்த ஒயினுக்கு மத்தியதரைக் கடல் உணவு ஒன்று பொருந்தியாக வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் பொருந்தாவிட்டால் அது தண்ணீராகிவிடும். கம்பம் ஊரில் எல்லோருக்கும் இதே விதிதான்.

நானும் என் கணவர் சூசையும் இரண்டு மணிக்கே பொருத்த அலுவலகத்துக்குப் போய்விட்டோம். பாட்டில் அவர் மடியில் இருந்தது. பன்னீர் திராட்சை. இதற்கு முன் செய்த பன்னிரண்டும் தண்ணீராகிவிட்டன. அந்தப் பயத்தில் இதை அவர் ருசிகூடப் பார்க்கவில்லை. நானோ காலையிலிருந்தே சந்தோஷத்தில் பாடிக்கொண்டிருந்தேன்.

முன் மேசையில் இருந்த அம்மாள் படிவத்தை எடுத்தார்.

"ஒயின் எங்க?"

"இந்தா இருக்குங்க."

"இருக்குன்னு யாரு சொல்றது?"

"நான்தான்."

"நீங்க இருக்கீங்கன்னு?"

சூசை என்னைக் கிள்ளினார். நான் "ஆ" என்றேன். அந்த அம்மாள் படிவத்தில் "ஆ" என்று எழுதி முத்திரை குத்தினார்.

"பதினேழாம் அறை."

சூசை தயங்கும்போதெல்லாம் தாழ்வாரம் நீண்டது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தால் சுருங்கியது. இழுத்துக்கொண்டே ஓடினேன்.

பதினேழாம் அறையில் மத்தியதரைக் கடல் இருந்தது. முழங்கால் அளவுதான். அதன் நடுவில் மேசை நாற்காலி போட்டு, அதிகாரி பேண்ட்டை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அளவு நாடா.

"செஞ்சவருதான் சாப்பிடணும். ஒரு அங்குலம் வளந்தா பொருத்தம்."

"தெரியும் சார்!" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. சின்ன அலை ஒன்று எழுந்தது.

முதல் தட்டு மிதந்து வந்தது. எலுமிச்சை பிழிந்த சுட்ட மீன். சூசை ஒரு துண்டு தின்று, ஒரு வாய் குடித்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"சாவிய நக்குன மாதிரி இருக்கு."

அதிகாரி அளந்தார். ஒரு அங்குலம் குறைந்திருந்தது.

இரண்டாவது, உப்பில் ஊறிய ஆலிவ் காய். சூசை மென்றார், குடித்தார், யோசித்தார்.

"ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்குது."

இன்னொரு அங்குலம் போனது. அவருடைய சட்டைக் கை விரல்களை மூடியது. பாட்டிலில் ஒயின் கழுத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது. மணி இரண்டு ஐம்பது.

"கடைசித் தட்ட நீங்களே கேக்கலாம்" என்றார் அதிகாரி.

"போதும் அமலி. வீட்டுக்குப் போவோம்" என்றார் சூசை. கதவுக்கு வெளியே தாழ்வாரம் நீளும் சத்தம் கேட்டது.

நான் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தேன். பன்னீர் வாசனை. கொஞ்சம் இனிப்பு. அடியில் லேசான துவர்ப்பு. மீன் இதற்குப் பகை. கொழுப்பு வேண்டும். பட்டை வேண்டும். நெருப்பில் வெந்து குழைந்த ஏதாவது வேண்டும்.

"முசாக்கா!"

கடல் இடுப்புவரை பொங்கி இறங்கியது. தட்டு வந்தது. கத்தரிக்காயும் ஆட்டுக் கொத்துக்கறியும் அடுக்கடுக்காக, மேலே பாலாடை சிவந்து, பட்டை மணத்தோடு.

"நீயே குடு புள்ள. எனக்குக் கை வரல."

நான் ஊட்டினேன். பாட்டிலையும் அவர் உதட்டில் வைத்தேன். சூசை கண்ணை மூடினார்.

"என்னங்க?"

"அமலி, இத நாமளா செஞ்சோம்?"

முதலில் சட்டைக் கை ஏறியது. பிறகு பேண்ட் கணுக்காலைவிட்டு மேலே போனது. அதிகாரி நாற்காலியில் ஏறி அளந்தார். பிறகு மேசையில் ஏறினார்.

"ஒரு அங்குலம் போதும்! நிறுத்தச் சொல்லுங்க!"

"நிக்காது சார்!" நான் தண்ணீரில் குதித்துக் குதித்துக் கை தட்டினேன்.

கூரை இரண்டாகப் பிரிந்து சூசைக்கு வழிவிட்டது. அவர் மேலிருந்து குனிந்து கையை நீட்டினார்.

"நீயும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வா. சீக்கிரம்!"

நான் தட்டை வழித்துத் தின்றேன். பாட்டிலை அண்ணாந்து குடித்தேன். உள்ளங்கால் கூசியது. அவ்வளவுதான், நானும் வளரக் கிளம்பிவிட்டேன்.

மேலே நல்ல காற்று. சூசை எனக்காகக் கொஞ்சம் மேகத்தை ஒதுக்கி இடம் போட்டார். கீழே அதிகாரி என் முழங்காலிடம் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.