செவலையை விற்று வாங்கிய லேப்டாப்

அத்தா குபாத் இரண்டு கைகளையும் விரித்து, வாங்கும் பொருளுக்காக துவா கேட்கத் தொடங்கியதும் பெரிசாத் பதறிப்போய் மேசையைப் பார்த்தாள்.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் சந்தையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில், மேசைமேல் வெள்ளி நிற லேப்டாப் ஒன்று புத்தம் புதிதாகப் பளபளத்தது. துவா முடிந்து அத்தா முகத்தைத் தடவி ‘ஓமின்’ என்று ஆமீன் சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. அதற்கப்புறம் வாங்கிய பொருளைத் திருப்பித் தரும் பழக்கம் நரின் மலையில் அவர்கள் ஊர்க்காரர்களுக்கே கிடையாது, குபாத்துக்கு நிச்சயமாகக் கிடையாது.

நாளைக்கு அவளுக்குக் கட்டடக்கலை முதல் வகுப்பு. கட்டடம் வரையும் மென்பொருள் அட்டை மாதிரி மெலிந்த இந்த வெள்ளி லேப்டாப்பில் ஓடாது. பக்கத்தில் கிடந்த தடித்த கறுப்பு லேப்டாப்பில் ஓடும். ஆனால் அது யாரோ வைத்திருந்தது, மூலையெல்லாம் கீறல். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

“அடுத்தவன் ஏறி இறங்கின குதிரை அது. என் மவளுக்கு வேணாம். இதைப் பாரு, எவ்வளவு லேசு! தோள் வலிக்காது,” என்று அவள் வாயை அடைத்துவிட்டார். செவலைக் குதிரையை விற்று வந்த மனுஷனிடம் எப்படித்தான் மல்லுக்கு நிற்பது? வீட்டில் விற்க இன்னொரு குதிரையும் இல்லை.

“...என் பிள்ளை படிப்பு சிறக்கட்டும்...” கைகள் முகத்துக்கு உயர்ந்தன.

பெரிசாத் பாய்ந்து அவர் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரன் வாயைப் பிளந்தான். துவாவை நிறுத்திய பெண்ணை அவன் பார்த்ததில்லை, அவளே கேள்விப்பட்டதில்லை. அவமானத்தில் அவள் காது எரிந்தது.

“கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?”

“அத்தா, ஓட்டிப் பார்க்காம நீங்க என்னைக்காவது குதிரை வாங்கியிருக்கீங்களா?” சொல்லும்போதே அழுகை முட்டிவிட்டது.

குபாத் கைகளை முகத்தில் படாமல் இறக்கினார். “ஓட்டிக் காட்டு.”

“சேணமும் வேணுமாண்ணே?” என்று முனகிக்கொண்டே கடைக்காரன் இரண்டிலும் மென்பொருளை ஏற்றினான். பென் டிரைவில் இருந்த வரைபடத்தை அவள் வெள்ளி லேப்டாப்பில் திறந்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கறுப்பில் அதே கட்டடம் சட்டென்று எழுந்து நின்று, அவள் விரல் போன பக்கமெல்லாம் திரும்பியது.

குபாத் கீறல்களைத் தடவிப் பார்த்தார். “யாரோ ஏறினதுதான்.”

பெரிசாத்துக்கு உயிரே போயிற்று.

“நம்ம செவலை மேலயும் இந்நேரம் எவனாவது ஏறியிருப்பான்,” என்றார் அவர். “நல்லா ஓடும்னு சொல்லித்தானே குடுத்தேன்.”

கறுப்பைத் தன் பக்கம் இழுத்து மறுபடி கைகளை விரித்தார். துவா வரவில்லை. பெரிசாத்தான் ‘ஓமின்’ சொன்னாள். அவர் முகத்தைத் தடவினார். கையை எடுக்க வெகு நேரமாயிற்று.