இத்தாவுக்குள் வந்த திகதி

என் தங்கச்சி அஸீஸாவின் பித்தக் குழாயில் வைத்த கம்பிக் குழாயை மூன்று மாதத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். எடுக்க விடாதவன் நான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

தொண்ணூற்றொன்பதில் அவளுக்குப் பித்தப்பையை வெட்டியெடுத்தார்கள். ஒரு மாதத்தில் கண்ணெல்லாம் மஞ்சள். கொழும்புக்குக் கொண்டுபோனோம். பித்தம் இறங்கும் வழி சுருங்கிப்போயிருந்தது. டொக்டர் வாய்வழியாகக் கமரா விட்டு, வலைபோன்ற சிறு கம்பிக் குழாயொன்றை அதற்குள் வைத்தார். காலத்தோடு வந்தால் வாய்வழியாகவே இழுத்தெடுத்துவிடலாம், பயமில்லை என்றார். பிந்தினால் சதை கம்பிக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு கைவைப்பது ஆபத்து என்றும் சொன்னார். எல்லாம் விளங்கியவன்போல் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் அவள் புருஷன் முனாப் மாரடைப்பில் மவுத்தானார். அஸீஸா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல் இத்தா இருக்கவேண்டி வந்தது. எங்கள் குடும்பத்தில் இத்தாவில் படலையைத் தாண்டிய பெண் கிடையாது என்று கல்முனைக் கடைத்தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஒருநாள் பின்னேரம் அவளே கதையை எடுத்தாள். "டொக்டர் சொன்ன திகதி வருகிது காக்கா."

"இத்தா முடியட்டும் புள்ள. இப்ப வேன்ல ஏத்திக்கொண்டு போனா ஊர் என்ன கதைக்கும்?"

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. முகம் தெளிவாக இருந்தது, நன்றாகச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. மௌலவியிடம் ஒரு வார்த்தை கேள் என்று மனம் சொல்லத்தான் செய்தது. கேட்டால் கூட்டிப்போகச் சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்காமல் விட்டேன்.

இத்தா முடிந்த வாரமே கொழும்புக்குப் போனோம். டொக்டர் பிடித்து இழுத்துப் பார்த்தார், குழாய் அசையவில்லை. இரத்தம் வரவும் நிறுத்திவிட்டார். இன்னும் இழுத்தால் வழியே கிழிந்துபோகும் என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊருக்கு வந்தபின் குழாய் அடைத்துக்கொண்டது. குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, கண் மறுபடி மஞ்சளானது. மூன்றாம் காய்ச்சலில் கொழும்புக்கு ஏற்றும் நிலையில்கூட அவள் இல்லை, ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்க வந்த மௌலவியிடம் வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தியத்துக்கு வெளியே போக இத்தாவில் தடையில்லையே, என்னிடம் கேட்டிருக்கலாமே என்று அவர் வருத்தப்பட்டார்.

கட்டிலோரத்தில் இருந்து, வார்டே பார்க்க அழுதேன். எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளிடம் சொன்னேன்.

அஸீஸா என் கையைப் பிடித்தாள். "எனக்குத் தெரியும் காக்கா. மௌலவிட பொஞ்சாதிட்ட அப்பவே கேட்டுட்டன்."

"அப்ப ஏன் புள்ள சொல்லல்ல?"

"ஊருக்குள்ள நீங்க தலகுனியக் கூடா எண்டுதான் பேசாம இருந்திட்டன்."

மறுநாள் அவள் மவுத்தானாள். மையத்து வீட்டுக்கு வந்த சனம், இத்தாவை ஒழுங்காகப் பேணிய பெண் என்று என்னிடமே புகழ்ந்தது. ஊர் வாயால் நான் கேட்க ஆசைப்பட்ட கதை அதுதான்.