மூன்றாம் சரணம்

ஹனி டல்லக் பாடிய ஐந்து காதல் பாட்டும் கிங்ஸ்டனில் சக்கைப்போடு போட்டன. ஐந்திலும் ஐந்து பெண்களின் பெயர். ஈவான், சோனியா, பாட்சி என்று ஊரில் உள்ள பெயரெல்லாம் வந்தாயிற்று. பயல் காதலித்ததோ கடற்கரையில் மீன் வறுத்து விற்கும் வெர்லினை. அவள் பெயர் மட்டும் ஒரு பாட்டிலும் இல்லை. பெயரெல்லாம் இசைத்தட்டு முதலாளி வைத்தது, அந்தப் பெண்களைத் தான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று அவன் சத்தியம் செய்வான். நான் நம்பினேன். பாட்டில் தேனாய் வழிகிறவனுக்கு ராகம் இல்லாவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இவனா ஐந்து பெண்களோடு பேசியிருப்பான்?

வெர்லின் நம்பவில்லை. டொராண்டோவில் இருக்கும் அத்தை அவளுக்கு விமானச் சீட்டு எடுத்து அனுப்பியிருந்தாள். அதை அவன் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை தெரு ஆட்டத்துல ஊரு முன்னாடி என் பேரைச் சொல்லி, கட்டிக்கிறியான்னு கேளு. இல்லேன்னா திங்கக்கிழமை நான் ஏறிடுவேன்."

அவன் ராவும் பகலுமாய் உட்கார்ந்து புதுப் பாட்டு ஒன்றைக் கட்டினான். ஒரே ஒரு இசைத்தட்டு வெட்டி, ஞாயிறு காலையில் என்னிடம் கொண்டுவந்தான். நான் க்ளீவ், தெருவில் ஒலிபெருக்கிகளை அடுக்கி, தட்டு சுழற்றி, ஜனத்தை ஆட வைப்பது என் பிழைப்பு. முதல் இரண்டு சரணமும் நிலா, கடல். மூன்றாவதில்தான் வெர்லின் பெயரும் கல்யாணக் கேள்வியும். பெயரை முதலிலேயே வைத்துத் தொலைத்திருக்கலாம். கலைஞனாயிற்றே, கேட்பானா?

"மச்சான், இன்னைக்கு மட்டும் ஊசியைத் தூக்காத," என்று கெஞ்சினான்.

"ஜனம் தட்டினா தூக்குவேன். ஊருக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?"

எங்கள் ஆட்டத்தில் பாட்டு பிடித்துவிட்டால் ஜனம் தகர வேலியில் தட்டும், சட்டி மூடியில் அடிக்கும். உடனே ஊசியைத் தூக்கி, முதலிலிருந்து போட வேண்டும். பாடகனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. தூக்காவிட்டால் எனக்குப் பாட்டிலால் மரியாதை நடக்கும்.

மதியம் தட்டைப் போட்டேன். முதல் சரணம் பாதிகூடத் தாண்டவில்லை, வேலி அதிர்ந்தது. தூக்கினேன். மறுபடி போட்டேன், மறுபடி தட்டினார்கள். அவன் வாழ்நாளில் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை, முகமோ சவக்களை. வெர்லின் முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒருமுறை இரண்டாம் சரணம் முடியப் போனது. அப்போது பார்த்து, ஆட்டுச் சூப் விற்கும் பியூலா உணர்ச்சிவசப்பட்டு மூடியில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

தூக்கினேன். வெர்லின் திரும்பி நடந்தாள்.

நான் மறுபடி ஊசியை வைத்ததும், அவன் சுழலும் தட்டைக் கையால் அமுக்கினான். ஊசி கிறீச்சிட்டதில் என் உயிரே போயிற்று. ஒலிவாங்கியைப் பிடித்தான். ராகம் இல்லை, தாளம் இல்லை.

"வெர்லின், அந்த அஞ்சு பேரும் யாருன்னே எனக்குத் தெரியாது. உன்னைத்தான் தெரியும். உன் மீன்ல எப்பவும் உப்பு ஜாஸ்தி. அதையும் தின்னுக்கிட்டுதானே இருக்கேன். போகாத. என்னைக் கட்டிக்க."

அவள் நின்றாள். பிறகு மொத்த ஜனமும் ஒரே நேரத்தில் தட்டியதில் வேலி ஒரு பக்கம் சாய்ந்தேவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய, சட்டம் சட்டம்தான்.

"மொதல்லேர்ந்து," என்றேன்.

என்னைக் கொன்றுவிடுவது போல் பார்த்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, திக்கித் திணறி, மறுபடி எல்லாவற்றையும் சொன்னான். கட்டிக்க என்று முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

வெர்லின் விறுவிறுவென்று திரும்பி வந்தாள். பியூலாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, சட்டி மூடியில் படாரென்று அடித்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு," என்றாள். "உப்பை விட்டுட்டு."