உத்திரத்தில் தட்டிய நாக்டர்ன்

உண்மையான கலைஞனுக்கு அச்சம் என்பதே கிடையாது. ராயபுரம் தேவாலயத்துப் பங்குப் பேரவைக் கூட்டத்தில், டீ வருவதற்குச் சற்று முன்பு இதை அறிவித்தவர் மேத்யூ. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனியில் மேனேஜர். பல்லி, முதலாளி, மைத்துனர், பியானோவில் இடது கைச் சுண்டுவிரல் போக வேண்டிய இடங்கள், இவற்றைத் தவிர எதற்கும் அஞ்சாதவர்.

பேசிய சூட்டிலேயே, திருவிழா மேடையில் ஒரு நாக்டர்ன் வாசிப்பதாகவும் ஒப்புக்கொண்டார். நாக்டர்ன் என்றால் இரவின் ஏக்கத்தைச் சொல்லும் பியானோ இசை என்று விளக்கமும் கொடுத்தார். அழைப்பிதழில் ‘பியானோ மேதை’ என்று அச்சாகிவிட்டது. மேதைக்கு அதில் முதல் பக்கம்தான் தெரியும். அந்தப் பக்கத்திலும் வலது கை சிறகடித்துப் பறக்க வேண்டிய ஓர் இடத்தில் விரல் மாட்டிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து.

தப்பு வெளியே கேட்கக் கூடாதென்று டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகினார். மனைவி ஐரீன் மாலைப் பூசைக்குப் போகும் நேரம் அவருடைய நேரம். பியானோவோடு இணைத்த செல்போனில் கேட்டுப் பாடம் நடத்தும் கோவாக்கார டீச்சர், “சுரம் சரி, உணர்ச்சிதான் இல்லை. தயங்குங்கள். ஏங்குங்கள். பிறகு சட்டென்று விழுங்கள்” என்றார். மேத்யூ தயங்கினார், ஏங்கினார், விழவேண்டிய இடத்தில் பெடலை ஓங்கி மிதித்தார்.

ஒரு மாலை கீழ்வீட்டு சுகிர்தம் கைக்குழந்தையோடு படியேறி வந்தாள். கணவன் கப்பலில் வேலை. வீட்டில் அவளும் குழந்தையும்தான். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, ஒரு மாசமா சாய்ங்காலமானா எங்க உத்திரத்துல இன்னாவோ தட்டுது. மெதுவா தட்டும். அப்புறம் மூச்சு வாங்குற மாதிரி கம்முனு கீது. போயிட்ச்சினு நெனைச்சா, தொம்முனு ஒண்ணு வுடும் பாருங்க! கொயந்த வீல்னு கத்துது.”

“கன்டெய்னர் லாரி அதிர்வு அம்மா. மூடநம்பிக்கை ஆகாது.”

“லாரி மூச்சு வாங்குமாண்ணே? நேரா உங்க வூட்லேர்ந்துதான் வருது. நீங்க உள்ளாறதான கீறீங்க, உங்களுக்குக் கேக்கல?”

மேத்யூ யோசித்துப் பார்த்தார். மாலை முழுக்க அந்த அறையில்தான் இருந்தார். எதுவும் கேட்கவில்லை. தன் அறையிலேயே, தன் காதுக்கு மட்டும் எட்டாமல் ஒன்று தட்டிக்கொண்டிருக்கிறது என்பது மெல்ல உறைத்தபோது பிடரி மயிர் நிமிர்ந்தது.

ஐரீனிடம் சொல்லவில்லை, சிரிப்பாள். மறுநாள் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, சுவரை ஒட்டி உட்கார்ந்து வாசித்தார். ஹெட்போனைக் கழற்றினால் கேட்டுத் தொலைக்குமோ என்று கழற்றவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதியது அதையும் தாண்டிக் கேட்டபோது இரண்டு கையும் உதறியது. செல்போன் திரையில் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்த நடுக்கம்! இதைத்தான் இத்தனை நாளாகக் கேட்டேன்!”

கீழே சுகிர்தம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

வீட்டைக் காலி செய்யப்போவதாக அவள் சொன்னதும் தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பியக் குழு கூடியது. ஃபாதர் தீர்த்தத்தோடு அவள் வீட்டுக்கு வந்தார். மேத்யூவும் ஐரீனும் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். எப்படித் தட்டுகிறது என்று ஃபாதர் கேட்டார்.

சுகிர்தம் பீரோவில் விரல்முட்டியால் தட்டிக் காட்டினாள். “இப்டி ஃபாதர். அப்புறம் தடதடனு ஓடியாந்து, நடுவுல மாட்டிக்கும். ஒடனே மொதல்லேர்ந்து. தெனமும் அதே எடத்துலதான் மாட்டுது. பயமாவும் கீது, பாவமாவும் கீது. இன்னா ஜென்மமோ, எத்தினி தபா பண்ணாலும் அதுக்கு வரவேல்ல.”

“நம்ம தெரு பேய்க்கு மண்டைல ஒண்ணும் இல்ல போல, மாமு” என்றார் கிரேன் ஓட்டும் தவசிமுத்து. பயந்திருந்த கூட்டம் பயத்தோடே சிரித்தது.

மேத்யூவுக்கு அந்தத் தட்டல் தெரிந்தது. மாட்டிக்கொள்ளும் இடம் வரை தெரிந்தது. ஹெட்போன் இசையைத்தான் அடக்கியிருந்தது, பியானோக் கட்டைகளும் பெடலும் தரையில் இடிப்பதை அல்ல. மெழுகு கையில் வழிந்தும் உறைக்கவில்லை.

காலைப் பூசையோடு முடித்துக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியிலிருந்து அந்தத் தட்டலைக் கேட்டுப் பழகியவள் ஐரீன். அவள் திரும்பினாள். “இன்னாங்க, இது நீங்க...”

பெடலை மிதிக்கிற மிதியாக அவள் காலை மிதித்தார்.

ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண்ணின் பயம் போய்விடும். மேதையும் போய்விடுவார். வாயைத் திறந்தார். தவசிமுத்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டார்.

“அமைதியில்லாத இந்த ஆன்மாவுக்கு இளைப்பாற்றி தாரும்” என்று ஃபாதர் செபித்தார். ‘ஆமென்’ சொன்னவர்களில் மேத்யூவின் குரலே ஓங்கி ஒலித்தது.

இனி ஒரு கட்டையைத் தொட்டாலும் ஃபாதரின் செபம் தோற்றதாகிவிடும். பியானோவுக்குப் போர்வை போர்த்தினார். தட்டல் நின்றது. சுகிர்தம் காலி செய்யவில்லை. ஃபாதர் பிரசங்கத்தில் அதைக் குறிப்பிட்டார். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதால் மேதை திருவிழா மேடையில் வாசிக்கவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து பாடகர் குழுவின் பாட்டுக்குத் தலையை ஆட்டினார்.

தட்டியது தான்தான் என்பதில் மேத்யூவுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனாலும் பொழுது சாய்ந்த பிறகு அவர் குளிக்கப் போனால் கதவைத் தாழிடுவதில்லை. ஐரீன் வெளியே நிற்க வேண்டியிருந்தது.