விழாத ஏணிக்கும் இரண்டு கயிறு

தெருவிளக்குப் பழுதுபார்க்கும் கம்பெனியின் வேனிலிருந்து கழன்ற ஏணி கீழே விழவில்லை என்பதில் அந்த ஊரில் இருவேறு கருத்து கிடையாது. விவாதமெல்லாம் அது எந்த உயரத்தில் வந்தது என்பதில்தான். வேன் கூரைக்கு ஒரு சாண் மேலே என்று முனையிலிருக்கும் ரொட்டிக் கடைக்காரர் சொன்னார். ஒரு முழம் இருக்கும் என்றார் நாற்சந்தியின் முதல் மாடியில் சலூன் வைத்திருப்பவர். அவருக்கு மேலிருந்து பார்க்கும் வசதி இருந்தது. பாலத்தை அடுத்த வளைவில் கயிறு அறுந்ததும், ஏணி படுத்த நிலையிலேயே காற்றில் தங்கியது. வேன் போன வேகத்தில் தானும் போனது, அது திரும்பிய இடத்தில் தானும் திரும்பியது, மெதுவாக நின்றபோது தானும் மெதுவாக நின்றது. இப்படியே பட்டறை வரைக்கும் வந்து சேர்ந்தது. வண்டியை ஓட்டியவருக்கு எதுவும் தெரியாது. அவருக்கு ஊரில் அவசரம் என்று பெயர். செருப்பு வாரைக் கட்டுகிற மாதிரி ஏணியின் நடுவில் ஒரே ஒரு சுருக்குப் போட்டுவிட்டுக் கிளம்பியவர், பட்டறையில் இறங்கி அண்ணாந்து பார்த்து, “கயிறு எங்க போச்சு?” என்றுதான் முதலில் கேட்டார்.

அன்றைக்கு முடிச்சக்கா விடுப்பில் இருந்தாள். கம்பெனியின் வண்டிகளில் ஏணி ஏற்றிக் கட்டுவது அவள் வேலை. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கட்டுகிற விதம் எல்லோருக்கும் மனப்பாடம், யாருக்கும் பொறுமைதான் கிடையாது. வண்டிக் கூரைமேல் இருக்கும் இரும்புக் கேரியரில் ஏணி உரசும் இடங்களில் பழைய டியூபை வெட்டி மெத்தை வைப்பாள். ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் ஏணி என்றால் முதலில் அந்த இரண்டு பாகத்தையும் சேர்த்துக் கட்டுவாள், இல்லாவிட்டால் பிரேக் போட்டவுடன் உள்ளிருக்கும் பாதி நாக்கை நீட்டுவது போல முன்னால் பாயும். பிறகு முன்பக்கம் ஒரு கயிறு, பின்பக்கம் ஒரு கயிறு, இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் விரித்துப் பம்பரில் இறக்கி முடிச்சு. கடைசியாக வால்பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி. இவ்வளவும் முடிந்து வண்டி கிளம்பினால் ரொட்டிக் கடை முனையில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்ப்பாள். ஆட்டத்தில் கயிறு தளரும் என்பாள். “கட்டினது நீதானே அக்கா, உன்மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?” என்று அவசரம் கேட்பார். “என்மேல இருக்கு. ரோட்டுமேல இல்ல” என்பாள் அவள்.

சிவப்புத் துணி அவள் தங்கையின் கடையிலிருந்து வரும். நாற்சந்தியில், சலூனுக்கு எதிரே, வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிற கடை அது. பல வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு வண்டியிலிருந்து வழுக்கிய ஏணி தங்கையின் ஸ்கூட்டருக்கு முன்னால் விழுந்தது. அந்த வண்டிக்காரர் நிற்கவே இல்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல, விழுந்தது அவருக்குத் தெரியாது. எங்கேயோ போய் இறங்கி, ஏணியை யாரோ திருடிவிட்டதாகத் திட்டியிருப்பார். தங்கையின் வலது காலில் ஒரு கம்பி நிரந்தரமாகக் குடியேறியது. அவள் தையல் மிஷினை இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டாள். சாலையில் ஏணியோடு ஒரு வண்டி போனால் இன்றைக்கும் ஊசியை நிறுத்திவிட்டு முடிச்சைப் பார்ப்பாள். அந்தக் காலைக் காட்டத்தான் முடிச்சக்கா அன்று விடுப்பெடுத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

முதலாளிக்கு ஏணி மிதந்ததில் வாய்கொள்ளாத சந்தோஷம். கயிறு, டியூப், ரொட்டிக் கடை முனை என்று தினமும் வீணாகும் நேரத்தை நினைத்து ஏற்கெனவே வயிறெரிந்துகொண்டிருந்தவர் அவர். மிதக்கும் ஏணியை மற்ற ஏணிகளோடு கொட்டகையில் கொஞ்ச நாள் போட்டு வைத்தார், பழகிக்கொள்ளட்டும் என்று. அவையும் பழகிக்கொண்டன. ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து விலகி, தூசியை உதிர்த்துவிட்டு, கூரைக்குக் கீழே வரிசையாக மிதந்தன. அடுத்த வாரமே வெல்டர் வந்து வண்டிகளின் கேரியர்களைக் கேஸ் கட்டரால் அறுத்து இறக்கினார். கம்பெனி வண்டிகள் தலைக்குமேல் ஏணி மிதக்க ஊரைச் சுற்றின. முதலில் எல்லோரும் நின்று பார்த்தார்கள், பிறகு நடந்துகொண்டே பார்த்தார்கள், அப்புறம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

கடைசியாக, முடிச்சக்கா வழக்கமாகப் போய்வரும் பழைய வெள்ளை வேனுக்கு வெல்டர் வந்தபோது, அவள் சாப்பாட்டு டப்பாவோடு அதன் கேரியரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“இறங்கு அக்கா, தீப்பொறி படும்.”

“படட்டும்.”

முதலாளி வந்தார். “ஏம்மா, விழாத ஏணியை எதுக்குக் கட்டணும்? உனக்கே சிரிப்பா இல்ல?”

“விழாது, சரி முதலாளி. நிக்குமா?”

“என்னது?”

“நீங்க திடீர்னு பிரேக் போட்டா வண்டி நிக்கும். அது நிக்குமா?”

முதலாளி வெல்டரைப் பார்த்தார், வெல்டர் கட்டரைப் பார்த்தார். மதியச் சாப்பாட்டை அவள் கேரியரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், டப்பாவை அங்கேயே கழுவி வெல்டரின் காலடியில் தண்ணீரைக் கொட்டினாள். சாயங்காலம் வெல்டர் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். அந்த ஒரு வண்டியின் கேரியர் அப்படித் தப்பியது. மறுநாளிலிருந்து அவள் மிதக்கிற ஏணியைக் கீழே இழுத்து, டியூப் மெத்தை வைத்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று கட்டி, சிவப்புத் துணியும் தொங்கவிட்டு, வேனைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். கேலிக்குக் குறைச்சலில்லை. “அப்படியே அந்த மேகத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வை அக்கா, மழை வர்ற மாதிரி இருக்கு” என்றார் அவசரம். “உன் வாய்க்குத்தான் முதல்ல போடணும்” என்றாள். அவள் ஒன்றை மட்டும் கவனித்து வைத்திருந்தாள்: முன்பெல்லாம் ரொட்டிக் கடை முனையில் கயிறு தளர்ந்திருக்கும். இப்போது ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட விறைத்திருந்தது. விரலால் சுண்டினால் ரீங்காரம் கேட்டது.

பிரேக் விவகாரம் ஒரு காலை நேரத்தில் நாற்சந்தியில் தீர்ந்தது. குறுக்கே வந்த பேருந்தைப் பார்த்து அவசரம் காலை அழுத்த, வேன் நின்றது, ஏணி நிற்கவில்லை. வந்த வேகத்தில் எழும்பி, பேருந்துக்கு மேலாக வழுக்கிப்போய், சலூன் ஜன்னல் வழியாக நுழைந்து, சலூன்காரரின் கத்திக்கும் நாற்காலியில் இருந்தவரின் கன்னத்துக்கும் நடுவே பாய்ந்து, சோப்பு நுரையை மட்டும் வழித்துக்கொண்டு பின்பக்க ஜன்னல் வழியாக வெளியேறியது. நாற்காலியில் இருந்தவர் அவசரத்தின் மாமனார். அதன்பிறகு அவசரத்தின் மனைவி கணவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். முதலாளி நிதானமாக விசாரித்து, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்து, ஓட்டுநர்கள் யாரும் இனி பிரேக் போடக் கூடாது என்று உத்தரவிட்டார்.

ஆனால் ஊர் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டது. அந்த வெள்ளை வேனில் மட்டும் ஏன் கட்டியிருக்கிறது, கட்டாத வண்டிக்கு நாங்கள் ஏன் வழிவிட வேண்டும் என்று கேட்டார்கள். கேள்வியை நிறுத்த முதலாளிக்கு ஒரே வழிதான் தெரிந்தது. காய்கறிக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் வெள்ளை வேனிடம் வந்தார். “நான் அறுக்கிறேன். அறுத்ததும் நீ கொட்டகையைக் கூட்டப் போ, இல்லன்னா வீட்டுக்குப் போ.” முடிச்சக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவர் கத்தியை வைப்பதற்குள் வண்டி பட்டறை வாசலைத் தாண்டி, ரொட்டிக் கடை முனைக்கு வந்தது. வழக்கம்போல இறங்கி இழுத்துப் பார்த்தாள். கயிறு இரும்புக் கம்பி மாதிரி இருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்து நாற்சந்தியை நெருங்கியபோது, ஊரிலிருந்த கம்பெனி ஏணிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மேலே எழும்பின. கட்டாதவை கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய், திரும்பவேயில்லை. கட்டியிருந்தது தன்னோடு வேனையும் தூக்கியது. நடுவில் மட்டும் கட்டியிருந்தால் வண்டியின் முன்பக்கம் கவிழ்ந்து தொங்கியிருக்கும். முன்னும் பின்னும் கட்டியிருந்ததால் தராசுத் தட்டு போலச் சமமாக எழும்பி, விளக்குக் கம்ப உயரத்தில் நின்றது. உள்ளே மூடாமல் வைத்திருந்த தேநீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

முதலாளி மூச்சு வாங்க ஓடிவந்தார். “அவிழ்த்து விடு! ஏணி போனாப் போகட்டும், என் வண்டி கீழ வரணும்!”

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “வண்டி கீழ வரும் முதலாளி. யார் மேல வரும்?”

கீழே பேருந்துக்குக் காத்திருந்தவர்கள், மிதிவண்டிக்காரர்கள், கடை வாசலில் ஊன்றுகோலோடு நின்ற தங்கை எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். “ரோட்டை மூடச் சொல்றேன்!” என்றார் அவர். “இந்த ரோட்டை மூடினா நான் அடுத்த ரோட்டுக்குப் போவேன்” என்று சொல்லி, கியரைப் போட்டுப் போயும் காட்டினாள். சக்கரம் காற்றைப் பிடிக்குமா என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள், பிடித்தது. “எல்லா வண்டிக்கும் கேரியரைத் திரும்ப ஏத்துங்க. முன்னால ஒரு கயிறு, பின்னால ஒரு கயிறு. அதுவரைக்கும் இது இறங்காது” என்றாள்.

“அக்கா, மதியத்துக்கு என்ன வேணும்?” என்று தங்கை கீழிருந்து கத்தினாள்.

“அவரு தலையத் தவிர என்ன வேணாலும் அனுப்பு.”

சாப்பாடு கயிற்றில் ஏறியது, காலி டப்பா கயிற்றில் இறங்கியது. கை கால் கழுவ வேனைப் பக்கத்து மாடிகளோடு ஒட்டி நிறுத்திக்கொண்டாள். எந்த மாடியிலும் கதவைச் சாத்தவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல், போகிற வழியில் எரியாத விளக்குகளை ஜன்னல் வழியாகவே மாற்றினாள். வருடக்கணக்கில் இருட்டாயிருந்த சந்துகளில் வெளிச்சம் வந்தது. முதலாளி புது ஏணிகள் வாங்கினார், சாதாரணமானவை, எடை உள்ளவை, விடப்பட்டால் விழக்கூடியவை. இவையும் பழகிக்கொள்ளும் என்று சொல்லிக் கேரியர் இல்லாத கூரையில் அப்படியே வைக்கச் சொன்னார். அப்போது அவசரம் சாவியை எடுத்து முதலாளியின் மேஜைமேல் வைத்தார். “கட்டாம நான் எடுக்க மாட்டேன் முதலாளி. வீட்ல ஒரு ஜென்மத்துக்குப் போதுமான அளவு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.” வாழ்நாளில் அவர் எதையும் நிதானமாகச் சொன்னது அன்றுதான் என்கிறார்கள். மற்ற ஓட்டுநர்களும் சாவியை வைத்தார்கள். முதலாளி இரண்டு நாள் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கடைசி வண்டியில் கடைசி முடிச்சு விழுந்ததை மேலிருந்து பார்த்த பிறகே முடிச்சக்கா இறங்கச் சம்மதித்தாள். பெயின்ட் கடையிலிருந்து மர ஏணி ஒன்றைக் கொண்டுவந்து வேன் கதவில் சாய்த்தார்கள். பிடிக்கப் பலர் முன்வந்தார்கள். தங்கை எல்லோரையும் விலக்கி, ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். “மெதுவா வா. நான் புடிச்சிருக்கேன்.” அக்கா ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

வேன் இறங்கவில்லை, அதை இறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. விளக்குக் கம்ப உயரத்தில் ஒரு வண்டி இருப்பது எவ்வளவு வசதி என்று முதலாளியே வெளியூர் ஆட்களிடம் பெருமையாகச் சொல்கிறார். இப்போதும் தினமும் காலையில் தங்கை ஏணியைப் பிடிக்க, முடிச்சக்கா மேலே ஏறிப் போகிறாள். கீழே கம்பெனி வண்டிகள் வரிசையாக வர, மேலே வெள்ளை வேன், வாலில் சிவப்புத் துணி பறக்க, ரொட்டிக் கடை முனையில் நிற்கிறது. ரொட்டிக் கடைக்காரர் ஒரு கோலின் முனையில் சூடான ரொட்டியை நீட்டுகிறார். அவள் அதைப் பல்லில் கவ்விக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, முன்கயிற்றை ஒரு இழு, பின்கயிற்றை ஒரு இழு இழுத்துப் பார்க்கிறாள். பின்னால் அவசரம் ஹாரன் அடிப்பதில்லை. அவரும் இறங்கித் தன் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார்.