பாவுக்கு வைத்த கஞ்சி

...அவருக்கு இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டது அவள் கைதானே, வழக்கமான அளவுதானே, அதற்குப் பிறகு தட்டில் என்ன வைத்தாள், அவித்த முட்டை, வெள்ளரிக்காய், அவ்வளவுதான், இந்த சேவூர் பஸ் ஏன் இப்படி ஊர்ந்து தொலைகிறது, போய்ச் சேர்வதற்குள் உயிரே போய்விடும்... சீ, அந்தச் சொல் இப்போது எதற்கு. சூர்யகலா மடியிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டில்தான் ஒரு சிட்டிகைகூடக் கிடையாதே, வெல்லம் வரைக்கும் வாரிக் கொடுத்துவிட்ட மகராசி அவள்தானே. மறுபடியும் போன் அடித்தாள். புருஷன் பரசுராமன் எடுக்கவில்லை, பக்கத்து வீட்டு துர்காவும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள், தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி விறைப்பேறக் கஞ்சி போடுகிற வேளை, எல்லார் கையும் கஞ்சி, அது காய்கிறவரை ஒருவரும் நகர மாட்டார்கள். அவருக்கு மருந்து வாங்கப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் கனிமொழி கேட்டாளே, "சோத்த அடியோட நிறுத்திட்டீங்களா? டாக்டர் கொறைக்கத்தானே சொன்னாரு?" என்று, இவள் பெருமையாக அல்லவா தலையாட்டினாள், மாவுச்சத்துதான் விஷம் என்று போன் வீடியோவில் எவனோ சொன்னதை ஒப்பித்தாள். கனிமொழி முகம் மாறிவிட்டது. "முட்டை சதைக்கு ஆவுங்க. ஆனா ஒடம்பு ஓடறதுக்கு மாவுச்சத்துதான் வெறகு. அது சர்க்கரையா மாறித்தான் மூளையே வேல செய்யுது. ஊசியயும் போட்டுகினு வெறகையும் நிறுத்துனா இருக்கற சர்க்கரையும் எறங்கிடும், ஆளு மயங்கிடுவாரு. ஜல்தியா போயி சர்க்கரத்தண்ணி குடுங்க."

அதற்குச் சற்று முன்புதானே துர்கா போனில் பேசினாள். "அண்ணன் டீ கேட்டுகினே இருக்குது அண்ணி. கை நடுங்குதாம், வேர்க்குதாம், இன்னா நடிப்பு! ஒருத்தரும் குடுக்கல, நீங்க பேஜாராவாதீங்க." கேட்டுச் சிரித்தாளே பாவி. வாசல் வாசலாகப் போய்க் கும்பிட்டு, அவருக்கு யாரும் டீ, சோறு எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொன்னது யார்? தெரு அவள் பேச்சைத் தட்டவில்லை. ஒரே ஒருத்தராவது தட்டியிருக்கக் கூடாதா, கடவுளே...

இறங்கி ஓடினாள். பாவு நீட்டியபடி இருந்தது, அந்தக் கோடியில், கஞ்சி வாளி பக்கத்தில், அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், உட்கார்ந்துதான் இருந்தார், விழவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு முழுக்க வெள்ளை. பாவுக்கு வைத்த அரிசிக் கஞ்சியை அள்ளிக் குடித்திருக்கிறார். அவளைக் கண்டதும் கையிலிருந்த குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், புறங்கையால் வாயைத் துடைத்தார். "பதம்தான் பாத்தேன், கலா... வேற ஒண்ணும் துன்னல." பல்லால் பொட்டலத்தைக் கிழித்து ஒரு பிடி சர்க்கரையை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை, துர்காவைப் பார்த்தார், பிறகு இவளை. "துன்னலாமா?" என்று கேட்டார். துன்னுங்க, துன்னுங்க என்று கத்தினாள். குவளை பிடித்த கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது... சர்க்கரை இறங்கியதால் வந்த நடுக்கம்தானா அது, அது மட்டும்தானா?